தடி இருக்கிறதா என்று முதலில் கேட்டவர்

தவமலர் அக்கா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் வந்தது. ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் அலுவலகத்தில், ஒரு வாய்க்காலின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய கணவர் சிவா அண்ணாவின் பெயர் தெரிந்தது.

"நிமலா, வேலையா இருக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணா, பரவாயில்லை. சொல்லுங்கோ."

"இல்லை, முடிச்சிட்டு எடுங்கோவன்."

அவர் அப்படித்தான். மற்றவர் வேலைக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்று நினைப்பவர். நான் மறுபடியும் கேட்ட பிறகுதான் சொன்னார். "தவம் காலமை ஆறு மணிக்குப் போயிட்டாள்."

நான் எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனேன். பதினொரு வருடம் அக்கா பொறுப்பாக இருந்த களஞ்சிய அறை அங்கேதான் இருக்கிறது. இப்போது அங்கே வேறொருவர் இருக்கிறார். "என்ன மிஸ், என்ன வேணும்?" என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

அலுவலகத்தில் அவரை அறிந்தவர்கள், எங்களோடு கடற்கரைக்கும் காட்டுக்கும் வந்தவர்கள், அவருடைய சாம்பல்தீவு வீட்டில் சாப்பிட்டவர்கள் ஆகியோருக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் நான் அவருக்குச் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதையும் சொல்ல வேண்டும்.

விடுமுறை நாட்களில் எங்காவது போய்க் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்ற யோசனை முதலில் என்னுடையதுதான். அலுவலகத்தில் ஐந்து பேர் ஆர்வமாக இருந்தோம். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்து, கைபேசியில் கூடாரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தவமலர் அக்கா தன் சாப்பாட்டுப் பார்சலோடு எதிர்க் கதிரையில் வந்து அமர்ந்தார்.

"என்ன பாக்கிறீங்கள்?" என்றார்.

"முகாம் போடப் போறம் அக்கா" என்றேன்.

அவர் ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு, "நான் முகாமில ஆறு வருசம் இருந்தனான். நீங்கள் ஆசைப்பட்டுப் போய் இருக்கப் போறியளோ?" என்றார்.

கூடாரப் படம் இருந்த கைபேசியை நான் மேசையில் கவிழ்த்து வைத்தேன். சண்டைக்காலத்தில் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது எங்கள் நினைவில் இருக்கவில்லை. நாங்கள் வெட்கப்பட்டதை அவர் கண்டிருக்க வேண்டும். சிறிது சிரித்தார். "நானும் வாறன். போகவும் வரவும் எனக்கு விருப்பம் இருக்கிற முகாமையும் ஒருக்காப் பாப்பமே" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குத் தேவையான பொருட்களைத் தெரிவு செய்வது அவருடைய வேலையாயிற்று. நாங்கள் யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. களஞ்சியத்துக்கு வரும் ஒவ்வொரு மண்வெட்டியையும் தட்டிப் பார்த்துப் பொறுப்பெடுக்கிறவர், நாங்கள் படத்தைப் பார்த்துக் கூடாரம் வாங்குவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் எங்கள் எல்லோர் வீட்டிலும் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கடைசியில் நாங்கள் வாங்க நினைத்ததில் பாதி தேவைப்படவில்லை. பஞ்சு மெத்தைக்குப் பதிலாகப் பன்புல்லில் இழைத்த பாய் வந்தது. "உது உக்கிப் போனாலும் மண்ணுக்கு ஒண்டும் செய்யாது" என்றார். ஒருமுறை பாவித்து எறியும் சின்னக் காஸ் தகரங்களை வேண்டாம் என்றார். "முடிஞ்சாப் பிறகு இந்தத் தகரத்தை எங்க வைக்கிறது? எனக்கு இடத்தைச் சொல்லும், வாங்குவம்." திரும்ப நிரப்பக்கூடிய சின்னச் சிலிண்டர் ஒன்றை அவரே எங்கோ விசாரித்துக் கொண்டுவந்தார். கோப்பைகள் எல்லாம் சில்வர். பற்றரி மாற்றும் டோர்ச் வேண்டாம், சார்ஜ் செய்வது போதும் என்றார்.

கூடாரம் மட்டும்தான் வாங்க வேண்டியிருந்தது. நகரக் கடையொன்றில் புதுக் கூடாரம் ஒன்றை விரித்துக் காட்டினார்கள். அக்கா குனிந்து அதை மணந்து பார்த்தார். "இது என்ன மணம்?" என்று கேட்டார். தண்ணீர் பிடிக்காமல் இருக்க மருந்து பூசியிருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். "என்ன மருந்து? மழை பெய்தா அது எங்க போகும்?" கடைக்காரருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. தெரியாத பொருளைப் பொறுப்பெடுக்க ஏலாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து, நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். அங்கே பழைய கூடாரங்கள் மூன்று கிடந்தன. அவர் கேட்ட முதற் கேள்வி, "தடி இருக்கோ?" என்பது. இரண்டாவது, "முறிஞ்சா வேற தடி தனிய வாங்கலாமோ?" பிறகு கூடாரத்தை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். வாசல் சிப்பை இருபது தரம் இழுத்து மூடினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, இதென்ன, கலியாணச் சம்பந்தமோ?" என்றேன். "சம்பந்தம் எண்டாலும் இவ்வளவு பாக்கத் தேவையில்லை, நிமலா. அது சரிவராட்டி ஆக்கள் பிரிஞ்சு போகலாம். இது எறிஞ்சாலும் போகாது" என்றார்.

அதன் பொருள் என்ன என்பதைச் சில வாரங்களில் எங்களுக்குக் காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைத் தன் பழைய முகாம் இருந்த இடத்துக்கு அழைத்துப் போனார். இப்போது அது ஒருவருடைய சோளத் தோட்டம். காணிக்காரர் அவரை அடையாளம் கண்டு தண்ணீர் கொடுத்தார். அக்கா வரம்பில் குந்தியிருந்து, ஒரு தடியால் மண்ணைக் கிண்டினார். நீல நிறத்தில் நார் நாராக ஏதோ வெளியே வந்தது. பிளாஸ்டிக் விரிப்பான தறப்பாள். வெயிலில் உக்கி, கிழிந்து, நூலாகி, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. காணிக்காரர், ஒவ்வொரு போகமும் உழும்போது இது வருகிறது, பொறுக்கி முடியவில்லை என்றார். மாடு தின்றுவிட்டுச் செத்ததையும் சொன்னார்.

அக்கா அந்த நாரைக் கையில் வைத்துப் பார்த்தபடி, "இதுதான் என்ர வீட்டுக் கூரை" என்றார். பிறகு பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலைவரை நாங்கள் ஆறு பேரும் அந்த வரம்போரமாகப் பொறுக்கினோம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அது ஓர் ஓகஸ்ட் விடுமுறை. எங்கள் பயணங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, அலுவலகத்தில் வேறு சிலரும் குடும்பத்தோடு வரக் கேட்டார்கள். பிள்ளைகளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். எங்களிடம் இருந்த மூன்று கூடாரம் போதாது. அக்கா, தன் மகள் சுபாவின் பரீட்சைக்காக, லீவில் இருந்தார். அவரிடம் கேட்டால் இரவல் வாங்குவோம், பொறுப்போம், அடுத்த மாதம் போவோம் என்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே கேட்கவில்லை. நகரத்தில் மலிவாகக் கிடைத்த புதுக் கூடாரங்கள் ஆறு வாங்கினேன். அவற்றின் தடிகள் குடைக்கம்பி போல மெலிந்தவை. பார்த்தபோதே எனக்கு விளங்கியது. இருந்தும் வாங்கினேன்.

நிலாவெளியில் ஒரு நண்பரின் தென்னங்காணியில் தங்கினோம். மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பியது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்றை இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு கூடாரங்களின் தடி முறிந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். வேலியோரத்தில் ஓர் இளம் வேம்பு நின்றது. அதில் கொப்பு வெட்டி முட்டுக்கொடுக்கச் சொன்னேன். வெட்டினார்கள்.

நாலு மணியளவில் அக்கா சிவா அண்ணாவின் ஓட்டோவில் வந்து இறங்கினார். மகளின் பரீட்சை முடிந்திருந்தது. எங்களுக்காக ஒரு சட்டி நிறைய மீன்குழம்பு கொண்டுவந்திருந்தார். கூடாரங்களைப் பார்த்தார். அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இலை வாடாமல் நின்ற அந்த வேப்பங் கொப்புகளைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தார்.

"ஆர் வெட்டினது?"

"நான்தான் வெட்டச் சொன்னனான்."

"ஏன் நிமலா?"

"தடி முறிஞ்சு போச்சு. பிள்ளையள் நிக்குதுகள். ஒரு கொப்புத்தானே அக்கா."

"அந்த மரம் உம்மை என்ன கேட்டது?" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. அதை நான் கோபம் என்று நினைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை என்னுடையது என்பது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அப்படிப் பேசினேன் என்று இன்று விளங்குகிறது.

"நீங்கள் இன்னும் அந்த முகாமை விட்டு வெளிய வரேல்ல அக்கா. எங்களையும் அதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்றேன்.

அவர் மீன்குழம்பை எங்களிடமே விட்டுவிட்டு, ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். பொழுதுபடுமுன் இன்னொரு கூடாரம் நிலத்தில் அடித்த முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பி, மணலில் உருண்டு கடலுக்குள் போனது. இரண்டு பேர் கழுத்தளவு தண்ணீர் வரை போய்ப் பார்த்தார்கள். பிடிக்க முடியவில்லை. சிவப்பு நிறக் கூடாரம் அது. நெடுநேரம் அலைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு எட்டு மாதம் அவர் எங்களோடு எங்கும் வரவில்லை. அலுவலகத்தில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார். எனக்குப் பென்சிலோ கடதாசியோ வேண்டுமென்றால் முன்போலவே எடுத்துத் தருவார், கையெழுத்து வாங்குவார். "நீர்" என்று என்னை அழைத்துக்கொண்டிருந்தவர் "நீங்கள்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார். வெளியாட்களுக்கு அது மரியாதை. எனக்கு அது தண்டனை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை படியிறங்கிப் போய், பென்சில் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

சித்திரை விடுமுறைக்கு முந்திய நாள், மிச்சமிருந்த ஐந்து கூடாரங்களையும் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன். மத்தியான நேரம். அவர் தனியே இருந்தார்.

"ஆறு வாங்கினனான். அஞ்சுதான் இருக்கு. ஒண்டு கடலுக்குள்ள போட்டுது" என்றேன். "அண்டைக்குச் சொன்னதுக்கு என்னை மன்னியுங்கோ அக்கா."

அவர் ஒரு கூடாரத்தை எடுத்து மேசையில் விரித்தார். முறிந்த தடியை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்க்காமலே பேசத் தொடங்கினார். அவர் சொன்னதை இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்களுக்குத் தறப்பாள் தந்தவை, நிமலா. குடும்பத்துக்கு ஒண்டு. தடி தரேல்ல. சனம் என்ன செய்யும்? நிண்ட மரமெல்லாம் வெட்டினதுதான். முதல் கூரையைத் தாங்கிற கப்புக்கு, பிறகு அடுப்புக்கு. எங்கட வரிசைக்கு முன்னால ஒரு வேம்பு நிண்டது. பகலில சனமெல்லாம் அதுக்குக் கீழதான். அதை வெட்ட ஒருத்தருக்கும் மனம் வரேல்ல. மாரி மழைக்கு எங்கட கொட்டில் சரிஞ்சு போச்சு. இவர் கொழும்பில வேலைக்கு நிண்டவர். கைப்பிள்ளையோட நான். விடியக் கத்தியைக் கொண்டுபோய் ரெண்டு கொப்பு வெட்டினன். நான் வெட்டினதைக் கண்டாப் பிறகு மற்றவையும் வெட்டினவை. ஒரு கிழமையில அடிக்கட்டைதான் மிச்சம்."

முறிந்த தடியைத் துணிக்கு மேல் நேராக வைத்தார்.

"பிறகு வெயில் வந்தது. தறப்பாளுக்குக் கீழ மத்தியானத்தில இருக்க ஏலாது, அவிஞ்சு போகும். என்னைப் பெத்த ஐயாவுக்குக் கண் தெரியாது, நடக்கவும் ஏலாது. வேம்பு நிண்டது அவருக்குத் தெரியும். வெட்டினது தெரியாது. 'என்னை அந்த வேம்புக்குக் கீழ கொண்டுபோய் இருத்து பிள்ளை' எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பார். 'நாளைக்கு ஐயா' எண்டு நான் சொல்லுவன். சீலையை நனைச்சுக் கூரைக்கு மேல போட்டுப் பாத்தனான். பதினைஞ்சு நாள் கேட்டவர். பதினாறாம் நாள் கேக்க அவர் இல்லை."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ஒரு கொப்புத்தானே எண்டு நீர் சொல்லேக்க எனக்கு உம்மில கோவம் இல்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அதுதான் அண்டைக்கு என்னால நிக்க ஏலாமல் போச்சு."

அவர் மீண்டும் "நீர்" என்று சொன்னதை அப்போதுதான் கவனித்தேன்.

ஐந்து கூடாரங்களையும் எறிந்துவிடவா என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வாங்கமுன்னம் வேண்டாம் எண்டு சொல்லலாம். வாங்கினாப் பிறகு அது எங்கட பொறுப்பு" என்றார். சித்திரையிலும் வைகாசியிலும் வந்த சனிக்கிழமைகளில், பாலையூற்றில் உள்ள என் வீட்டிலிருந்து பஸ் ஏறிச் சாம்பல்தீவுக்குப் போனேன். அவருடைய வீட்டு முற்றத்தில் இருந்து கூடாரங்களைப் பிரித்தோம். ஐந்தில் இரண்டின் துணியைக் கொண்டு மற்ற மூன்றையும் இரட்டைத் தையல் போட்டுப் பலப்படுத்தினோம். சிவா அண்ணா பழைய அலுமினியக் குழாய்களை அளவாக அறுத்துத் தடி செய்து தந்தார். மிஞ்சிய துண்டுகளில் பைகள் தைத்தோம். உங்களில் பலரிடம் அந்தப் பைகள் இருக்கின்றன. அந்த மூன்று கூடாரங்களிலும் இன்றைக்கும் தங்குகிறோம். கச்சானுக்கு ஒருமுறையும் விழவில்லை.

பிறகு வந்த நாலு வருடங்கள் நல்ல வருடங்கள். அக்கா எங்களோடு வராத பயணமே இல்லை. போன வருடம்தான் அவருக்குச் சிறுநீரகம் பழுது என்று கண்டுபிடித்தார்கள். கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. கால் வீங்கிவிட்டது. உப்பில்லாத சாப்பாட்டைக் கொண்டுவந்து எங்களுக்கு எதிரே இருந்து சாப்பிடுவார். இளைப்பாறும் வயதுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது வேலையை விட்டார்.

இவ்வருடம் பங்குனியில், ஒருமுறை தன்னையும் கூட்டிப்போகும்படி கேட்டார். தங்க முடியாது, பகலில் மட்டும். கன்னியாப் பக்கம் ஒரு பெரிய பாலை மரத்துக்குக் கீழே கதிரை போட்டு அவரை இருத்தினோம். நாங்கள் கூடாரம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முளையைச் சாய்த்து அடிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவும் தண்ணீரை ஓடையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் ஊற்றச் சொன்னார். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"நல்ல நிழல், என்ன?" என்றார்.

"ஓம் அக்கா."

"ஐயாவுக்கு நான் பொய் சொன்னனான் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆறுதலுக்காக ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

சாவு வீட்டுக்குப் போனபோது, ஒழுங்கை முழுவதும் வெள்ளைத் துணிக்கொடி கட்டியிருந்தது. வழக்கமாகக் கட்டும் பொலித்தீன் கொடியை ஆட்கள் கொண்டுவந்தபோது, சிவா அண்ணா வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்த பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் அழுதுகொண்டே வேட்டி கிழித்தார் என்று அயலவர்கள் சொன்னார்கள். நான் அக்காவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வீக்கம் வடிந்து, கால்கள் பழையபடி சின்னனாக இருந்தன.

இதை எழுதுவதற்கு முன் சுபாவிடம் கேட்டேன். தாத்தாவைப் பற்றியும் வேம்பைப் பற்றியும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லி முடித்ததும், "அந்தக் கைப்பிள்ளை நான்தானே அன்ரி" என்றாள். பிறகு, "எழுதுங்கோ. அம்மா உங்களுக்குச் சொன்னது நல்லது. ஒருத்தருக்கும் சொல்லாமல் போயிருந்தா எண்டு நினைக்க ஏலாமல் இருக்கு" என்றாள்.

முப்பத்தோராம் நாள் சடங்கன்று அவள் என்னிடம் ஒரு கொப்பியைத் தந்தாள். அக்கா எங்களுடைய பொருட்களுக்கென்று வீட்டில் ஒரு பதிவு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு பக்கம். எங்கே போட்டோம், எங்கே கிழிந்தது, யார் தைத்தது என்று அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது. நான் வாங்கிய ஆறு கூடாரங்களுக்கு மட்டும் சேர்த்து ஒரே பக்கம் இருந்தது. வாங்கியவர் பெயர் எழுதப்படவில்லை. கடலில் போன சிவப்புக் கூடாரத்துக்கு எதிரே, சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: காற்று.

பதினொரு வருடம் களஞ்சியப் பதிவில் ஓர் ஆணியைக்கூடப் பிழையாக எழுதாதவர் அவர். கூடாரம் கடலுக்குப் போனதை அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்; யாருடைய அவசரத்தால் போனது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி எழுதியிருக்கிறார். எழுதிய திகதி கீழே இருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதற்கு ஐந்து மாதம் முந்திய திகதி. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பக்கம்.